அபயதானமும் உள்ளான் பறவையும்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் ஆகாரதானம் நமக்கு எளிது. மாடியில் தானியம் தூவி, மண்சட்டியில் நீர் வைப்பது நம் இல்லங்களில் பழகிய வழக்கமே. நாம் தூவும் தானியத்தை ஏற்காத பறவைக்கு எவ்வாறு கருணை காட்டுவது?

கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலுள்ள பழவேற்காடு ஏரியின் சேற்றுப் பரப்பில் குளிர்காலத்தில் கொசு உள்ளானைக் காணலாம். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். பிறந்த இடமோ வடதுருவத்தை ஒட்டிய, மரங்களற்ற தூந்திரப் பிரதேசம். அங்கே கோடை சில வாரங்களே. நடுக்கோடையில் சூரியன் மறைவதில்லை. பனி உருகிய ஈரநிலத்தில் பூச்சிகள் பெருகும். கோடை முடியுமுன்னரே தாய்ப்பறவைகள் தெற்கே புறப்பட்டுவிடுகின்றன. அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்னர், வழிகாட்டுவாரின்றித் தாமே பல்லாயிரம் கிலோமீட்டர் கடக்கின்றன. பள்ளியின் முதல் நாளில் பிள்ளையின் கையை விட மனம் வராத தாய்மார்களை நிறையக் கண்டவள் நான். எனக்கு இது இன்றும் வியப்பே.

அது உண்பது சேற்றிலுள்ள புழுவையும் பூச்சியையும். அத்தகைய உயிரைக் காப்பது அறமா எனச் சிலர் வினவுவர். விரதம் ஏற்றவர் நாம்; பறவையன்று. அவ்வளவில் அக்கேள்வியை விடுகிறேன்.

எஞ்சுவது அபயதானம், அஞ்சாமல் இறங்கி இரைதேட இடம் விடுதல். ஏரியின் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டிலேயே சரணாலயமாயிற்று. ஆயினும் அதன் நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூரோடு தொடர்புடையது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் படிந்தது. பறவையைக் கொல்லும் சங்கற்பம் அங்கே எவருக்கும் இருந்ததில்லை.

சங்கற்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். தொழில்வழி நேரும் ஹிம்சையை முற்றும் விட இயலாதாகையால், இயன்றவரை குறைக்கவேண்டும் என்பது நம் அறநெறி. ஆலையின் கழிவுக்குழாயையும் அந்த இசைவில் அடக்கலாமா? அடக்கலாகாது என்பதே என் கருத்து. ஏர்முனையில் புழுவைக் கண்ட உழவன் சற்றே விலகி உழலாம். குழாயின் மறுமுனையில் மடிவதைக் குழாயைத் திறப்பவன் காண்பதில்லை. காணாததை எவ்வாறு குறைப்பான்?

தொழிற்பேட்டைகளில் கணக்கராகவும் பொறியாளராகவும் பணிபுரியும் நம் பிள்ளைகளிடம் இதைப் பேசவேண்டும். மின்செலவை மிச்சப்படுத்த, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தை இரவில் நிறுத்திவிட்டு, ஓடியதாகப் பதிவேட்டில் எழுதுமாறு எங்கேனும் மேலாளர் கூறினால், பேனா அவர்கள் கையில்தான் இருக்கும். மறுத்தால் வேலை போகலாம். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அந்நேரத்தில் அவர்களுக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்?