பெருத்த உடம்பு ஒரு குற்றமா?

1986 ஆகஸ்ட் 31. ஜெர்சி தீவின் விலங்குக் காட்சிசாலையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சுவர் மேலிருந்து தவறி, கொரில்லாக்கள் இருந்த இடத்துக்குள் விழுந்தான். தலையில் பலத்த அடி, நினைவு தப்பிவிட்டது. கூட்டத்தின் தலைவனான ஜம்போ அவனருகே வந்தது. மேலே நின்றவர்கள் அலறினார்கள். ஜம்போவோ பையனின் முதுகை மெல்ல வருடியது. மற்ற கொரில்லாக்கள் நெருங்கியபோது நடுவில் நின்று மறித்துக்கொண்டது. பையன் கண்விழித்து அழத் தொடங்கியதும், தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அங்கிருந்த ஒருவர் எடுத்த வீடியோவைக் கண்டு உலகமே வியந்தது. அந்த வியப்பில் ஓர் அநியாயம் இருக்கிறது. கொரில்லா இலையும் தண்டும் பழமும் தின்று வாழும் விலங்கு. குட்டிகள் தகப்பன் மேல் ஏறி விளையாடும், அதுவும் பொறுத்துக்கொள்ளும். பார்த்தவர்கள் மனதில் இருந்ததோ 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தின் ராட்சதக் கொரில்லா. சிறிய உடம்பைச் சாது என்று கேள்வியில்லாமல் நம்புகிறோம்; பெரிய உடம்பிடம் மட்டும் அத்தாட்சி கேட்கிறோம். வகுப்பில் சண்டை என்றால் வாட்டசாட்டமான பையன் மேல்தான் முதல் சந்தேகம். தான் செய்யாத ஒன்றுக்காக அவன் தினமும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கிறது.

அதற்காக, பயமே தவறு என்று சொல்லிவிட முடியுமா? 2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி காட்சிசாலையில் மூன்று வயதுக் குழந்தை அகழியில் விழுந்தது. ஹராம்பே என்ற 17 வயது ஆண் கொரில்லா அதைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது. மயக்க ஊசி வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் வலியில் வெகுண்டுவிட்டால்? சுட்டுக் கொன்றார்கள். அது காக்க இழுத்ததா, மிரண்டு இழுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்போடு இழுத்திருந்தாலும் அந்தப் பலத்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது. அந்த நேரத்தில் குழந்தையின் பக்கம் நின்றது சரிதான். ஆனால் அந்தத் துப்பாக்கிச் சூட்டை ஹராம்பேயின் குணத்துக்கு எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அது எந்தக் குற்றமும் செய்யவில்லை.

பிறகு அங்கே வேலியை உயர்த்தி, கயிற்று வலையும் கட்டினார்கள். பெரிய விலங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் செய்யவேண்டிய வேலை அது. முன்பே செய்திருந்தால், ஹராம்பே நல்லதா கெட்டதா என்று அந்தச் சில நிமிடங்களில் யாரும் முடிவுகட்ட வேண்டி வந்திருக்காது.