அளவுகோல் மாறக்கூடாது

"அன்றைக்கு எப்படிப் பேசினாரோ இன்றைக்கும் அப்படியேதான் பேசுகிறார்" என்று ஒருவரை மெச்சுகிறோம். கருத்தை மாற்றிக்கொண்டவரைக் கண்டால் "நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு" என்று முகம் சுளிக்கிறோம். மாறாத பேச்சு நமக்குப் பிடித்தவரிடம் இருந்தால் அது கொள்கை உறுதி, பிடிக்காதவரிடம் இருந்தால் பிடிவாதம். ஆனால் ஒரு மனிதரிடம் மாறாமல் இருக்கவேண்டியது எது என்ற கேள்வியை நாம் அபூர்வமாகவே எழுப்புகிறோம். முடிவுகள் மாறாமல் இருப்பதை நான் பெரிதாக மதிக்கவில்லை. முடிவுக்கு வந்துசேரும் முறைதான் மாறக்கூடாது. அது நிலையாக இருந்தால், மாறவேண்டிய முடிவு தானே மாறும்.

ஜெர்மனியின் டெஸாவ் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிக் ஷ்வாபே இதற்கு நல்ல சாட்சி. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கலாம் என்று அவர் நினைத்தார். இருந்தால், சூரியனைக் கடக்கும்போது அது ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். சூரியனிலோ ஏற்கெனவே புள்ளிகள் உண்டு. எது கோள், எது வெறும் புள்ளி என்று பிரித்தறிய, இருக்கிற புள்ளிகளையெல்லாம் நாள்தோறும் குறித்துவைப்பது தவிர வேறு வழியில்லை. 1826 முதல் வானம் தெளிவாக இருந்த நாட்களில் தொலைநோக்கியை எடுத்து, புள்ளிக் கூட்டங்களை எண்ணி, புள்ளியே இல்லாத நாட்களையும் தனியாகக் கணக்கெடுத்தார். பதினேழு ஆண்டுகள் போயின. கோள் அகப்படவில்லை. ஆனால் அந்தக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது தெரிந்தது. 1844இல் அது ஒரு சிறு குறிப்பாக வெளிவந்தது. அந்தச் சுழற்சியின் சராசரி பதினோரு ஆண்டு என்பதை இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஷ்வாபே தன் முதல் நம்பிக்கையில் உறுதியாக நின்றிருந்தால், இல்லாத கோளைத் தேடியே காலம் போயிருக்கும். எண்ணும் முறையில் உறுதியாக நின்றார். அதனால் நம்பிக்கையை விட்டுவிட்டு, கண்ணெதிரே இருந்ததை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

முறையைக் காப்பது கருத்தைக் காப்பதைவிடக் கடினம். நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை நெருங்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்று நாளைக்கு இனிப்பைத் தொடுவதில்லை, ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவது, விடியற்காலையில் வேகமாக ஒரு நடை. வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைவாக வந்ததும் வீட்டுக்கே நிம்மதி. அந்த எண் பொய்யில்லை, ஆனால் மற்ற நாட்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் மருத்துவர்கள் கேட்பது இதனால்தான். அளக்கிற நாளுக்கு ஒரு வாழ்க்கை, அளக்காத நாளுக்கு ஒரு வாழ்க்கை என்று வைத்துக்கொண்டால், ஏமாறுவது மருத்துவர் அல்ல.

ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்துகொண்டிருந்தால் புதுமை எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். முகிலற்ற நாட்களில் அதே வட்டம், அதே வேலை. அந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு நடுவில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலான அந்தப் படத்தகடுகள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு, பழைய சூரியனையும் புதிய சூரியனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவுகின்றன. ஆளுக்கொரு விதமாக எடுத்திருந்தால் அந்த ஒப்பீடு இத்தனை எளிதாக இருந்திராது.

மனிதர் தொலைநோக்கி அல்லவே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. காந்தியை எடுத்துக்கொள்வோம். 1920களின் தொடக்கத்தில் சாதிகளுக்கிடையே திருமண உறவு கூடாது என்ற கட்டுப்பாட்டை ஆதரித்து எழுதியவர், 1940களில் தலித்துகளுக்கும் சாதி இந்துக்களுக்கும் இடையிலான திருமணங்களை வலியுறுத்தினார். முன்னுக்குப்பின் முரணாக இருப்பதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை, பிந்தி எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933இல் ஹரிஜன் இதழில் சொன்னார். இதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. மாறியது சரி, ஆனால் மாறியவர் ஏன் மாறினேன் என்றும் சொல்லவேண்டும், அதை ஊகிக்கும் வேலையை வாசகர் தலையில் கட்டக்கூடாது. அம்பேத்கர் 1955இல் பிபிசி பேட்டியில் வைத்த குற்றச்சாட்டு வேறு வகை. காந்தி ஆங்கில இதழ்களில் ஜனநாயகவாதியாகவும் குஜராத்தி இதழில் வைதிகராகவும் எழுதினார் என்றார் அவர். அது உண்மையானால், "நான் வளர்ந்தேன், மாறினேன்" என்ற பதில் அதற்குப் பொருந்தாது. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு கருத்து இருக்கலாம். ஒரே காலத்தில் கேட்பவரைப் பார்த்து இரண்டு கருத்து இருப்பதுதான் நாணயக்கேடு. மகனுக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருக்கும் வீடுகளும், நம் கட்சிக்காரர் செய்தால் தவறில்லை என்று வாதாடும் நாமும் இந்தக் கணக்கில்தான் வருகிறோம்.

முறை மாறக்கூடாது என்பதற்காக, இரவுப் பணிக்குப் போகிறவர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஆகியோரிடம் தினமும் தவறாமல் செய் என்று உபதேசிப்பது கொடுமை. உபதேச நூல்கள் அதைத்தான் செய்கின்றன. நான் கேட்பது அதுவல்ல. மேகம் மூடிய நாளில் ஷ்வாபேயும் எதையும் எண்ணவில்லை. ஹவாயின் மௌன லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்த சார்லஸ் கீலிங்குக்கு, 1964இல் நிதி வெட்டப்பட்டுச் சில மாதங்கள் வேலை நின்றுபோனது. விடுபட்ட மாதங்களுக்கு இட்டுக்கட்டிய எண்களை யாரும் எழுதவில்லை. பணம் வந்ததும் அளவீடு தொடர்ந்தது. நீங்களும் உடற்பயிற்சியோ, வரவு செலவுக் கணக்கோ, பிள்ளையோடு உட்கார்ந்து படிப்பதோ, எது விட்டுப்போனாலும் விட்டுப்போனதாகவே குறித்துக்கொள்ளுங்கள். முடிகிற நாளில், முன்பு செய்த அதே முறையில் மறுபடி தொடங்குங்கள்.