விசிறி சுழல்கிறதா?

1989-ல் வந்த மாஸ்டா மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகையில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரப்பண்ணும். விசிறி செத்திருந்தாலும் தெரியாது. சிக்னலில் நிற்கும்போதல்லவோ குட்டு வெளிப்படும்! சூடேறி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு கொஞ்சமா?

ஏசி உள்ள வண்டியானால், இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். இரண்டு விசிறியும் சுழலவேண்டும். சுழன்றதே என்று திருப்தியாகிவிடாதிருங்கள்! ஏசிக்குச் சுழல்கிற விசிறி, சூட்டுக்குச் சுழலாமற்போகலாம். தெர்மோ ஸ்விட்ச் பழுதாயிருந்தால் அப்படித்தான். ஆகையால் ஏசியை அணைத்து, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, முள்ளைப் பார்த்துக் காத்திருங்கள். பொறுமை வேணும், ஐயா. முள் வழக்கமான இடத்தைத் தாண்டியும் விசிறி அசையவில்லையா? உடனே அணைத்துவிடுங்கள். கையை மாத்திரம் பிளேடு பக்கம் நீட்டாதிருங்கள். அது சொல்லாமல் சுழலும்.