அடைக்கலக் குருவியும் அளவுகோலும்

வீட்டுக் கூரையிலே கூடுகட்டும் சிறு குருவிக்கு அடைக்கலக் குருவி என்றொரு பெயர் உண்டு. பெயரிட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆயின் அப்பெயரினுள் ஓர் ஒழுக்கம் அடங்கிக் கிடக்கிறது. அக்குருவி முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்தும். வைக்கோலையும் எச்சத்தையும் விறாந்தையில் உதிர்க்கும். இருந்தும், அதனை விரட்டாது, இறப்பிலே முட்டி கட்டித் தொங்கவிட்டு இடங்கொடுக்கும் வழக்கம் இத்தீவின் கிராமங்களில் இருந்து வந்துள்ளது. அது என்ன பயன் தந்தது என்று முட்டி கட்டியவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கணக்குப் பார்ப்பவர்கள் நாமே. பயன்படுவதைக் காப்போம், தொல்லை தருவதை ஒழிப்போம் என்பது விஞ்ஞான ரீதியான விதிபோல் எம் காதில் விழுகிறது. முற்போக்காளருக்கு இவ்விதியில் ஒரு தனிமயக்கம் உண்டு. அம்மயக்கம் எங்கே கொண்டு சென்றது என்பதைச் சீனத்தின் அனுபவம் காட்டும்.

1958 இல் அங்கு எலி, ஈ, நுளம்பு, குருவி ஆகிய நான்கும் மக்களின் பகையெனப் பிரகடனஞ் செய்யப்பட்டன. தானியத்தைத் தின்பது குருவி மீதான குற்றச்சாட்டு. அவ்வாண்டு ஏப்பிரலில் பீக்கிங் நகர மக்கள் தெருவிலும் கூரையிலும் நின்று பறையும் தகரமும் தட்டினர். இறங்கி இளைப்பாற இடமின்றிப் பறந்து பறந்து களைத்த பறவைகள் செத்து விழுந்தன. தட்டியவருள் ஆசிரியரும் மாணவரும் இருந்தனர் என்பதை இவ்வேட்டின் வாசகர் மனங்கொள்ள வேண்டும். செங் சுவோஷின் முதலிய பறவையியலாளர் குருவிகளின் இரைப்பைகளை அறுத்து ஆராய்ந்தனர். குஞ்சுகளுக்கு ஊட்டப்படுவது பெரும்பாலும் பூச்சியே எனக் கண்டனர். 1960 இல் குருவியின் பெயர் பட்டியலினின்று நீங்கியது. அவ்விடத்தில் மூட்டைப்பூச்சி ஏறியது. (மூட்டைப்பூச்சிக்காக வாதாட நாம் முன்வரவில்லை.) 1959 முதல் 1961 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குக் குருவிக்கொலை ஒன்றே காரணம் என்பது மிகை. பொய் விளைச்சற் கணக்குகளும், அவற்றை நம்பி நடந்த தானியக் கொள்முதலும் அதனினும் பெரிய காரணங்கள். பெருகிய பூச்சிகளும் தம் பங்கைச் செய்தன.

குருவி பயனுள்ளது, அதனை அறியாது கொன்றனர் என்பதே இதிலிருந்து வழக்கமாகப் பெறப்படும் பாடம். எமக்கு அது போதவில்லை. இரைப்பையிற் பூச்சி இருந்தமையால் குருவி விடுதலை பெற்றது. நெல் மட்டும் இருந்திருப்பின்? தீர்ப்பு மாறியது, அளவுகோல் மாறவில்லை. பறவையையும் மனிதரையும் ஒரு தட்டில் வைப்பது எம் கருத்தன்று. எனினும் அந்த அளவுகோல் மனிதர் மீதும் வைக்கப்பட்டதை இந்நாடு அறியும். 1948 இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மலையகத் தொழிலாளர் தேயிலைக்கு வேண்டியவராகவும் வாக்குரிமைக்கு வேண்டாதவராகவும் ஒரே வேளையில் இருந்தனரன்றோ? பயன்பட்டமை அவர்களைக் காக்கவில்லை.

ஆனால் கருணை பேசுவோரும் எளிதில் தப்பிவிட முடியாது. வயலில் இறங்கும் மயில், நகரத்து வாசகனுக்கு அழகு. பக்தனுக்கு முருகனின் ஊர்தி. கமக்காரனுக்கோ விதைத்த நெல்லையும் கச்சானையும் கிளறித் தின்னும் பிராணி. 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை, ஐந்து நிமிடம், நாடெங்கும் குரங்கையும் மர அணிலையும் மயிலையும் மக்களைக் கொண்டே அரசு எண்ணுவித்தது. ஐந்து நிமிடக் கணக்கைப் பலர் எள்ளினர். எண்ணிக்கை பிழையாகலாம், கமக்காரனின் நட்டம் பிழையன்று. அடைக்கலம் கொடுப்பது சமுதாயத்தின் கடமையெனில் அதன் செலவை ஒரு வர்க்கத்தின் தலையில் மட்டும் சுமத்துவது எவ்வாறு நியாயமாகும்? முட்டி கட்டியவர் தம் நெல்லிலிருந்தே குருவிக்குக் கொடுத்தார். மயிலைச் சுடாதே என்போர் பிறர் நெல்லிலிருந்து கொடுக்கின்றனர். கொழும்பில் மயிலுக்காக உருகுவோர், வன்னியில் விதைநெல் இழந்தவனுக்கு ஒரு மூடையின் விலையைத் தமக்குள் பங்கிட்டுக் கொடுக்க ஆயத்தமா என்பதை முதலிற் கேட்டுப் பார்க்கலாம்.