அளந்தபின் அழிக்கலாமா?

வீதி அகல வேண்டுமா, பழமை நிலைக்க வேண்டுமா என்றொரு வினா நம்முன் வைக்கப்படுகின்றது. இவ்வினாவே பிழையானது என்பது நம் கருத்து. நோயாளி வைத்தியசாலைக்கும், விளைபொருள் சந்தைக்கும் விரைந்து சேர நல்ல வீதி வேண்டும். அதனை மறுப்பவன் மக்களின் நண்பனல்லன். ஆயினும், மண்ணை வெட்டுமுன் அதனை ஆராய்வது எதற்காக என்பதை நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

அயர்லாந்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். பண்டை மன்னரின் தாரா குன்றை அடுத்த பள்ளத்தாக்கினூடாக எம் 3 பெருந்தெருவை அமைக்க 2003இல் அனுமதி கிடைத்தது. விரிவான சோதனை அகழிகள் வெட்டப்பட்டது அதன் பின்னரே. 2007இல் லிஸ்மல்லின் என்னுமிடத்தில், சுமார் 80 மீற்றர் விட்டத்தில் மரத்தூண்கள் நட்ட இரும்புக் கால வட்டமொன்றின் சுவடு வெளிப்பட்டது. அதனைத் தேசியச் சின்னமாக அரசு ஏற்றது. பின்னர் அகழ்ந்து, அளந்து, படமெடுத்து, அவ்விடத்திலேயே வீதியைப் போட்டது. 2010இல் வாகனங்கள் ஓடின. இதற்குப் ‘பதிவின் மூலம் பாதுகாத்தல்’ என்று பெயர்.

பதிவு பாதுகாப்பாகுமா? வீதி வெட்டாதிருந்தால் அவ்வட்டம் இருந்ததே தெரிந்திராது என்பர். உண்மைதான். ஆனால் ஓரிடத்தை ஒருமுறைதான் அகழலாம். பதிவில் எஞ்சுவது அகழ்ந்தவர் கேட்ட வினாக்களுக்குரிய விடை மாத்திரமே. கரிமத்தைக் கொண்டு காலங்கணிக்கும் முறையை லிபி 1949இல் வெளியிடுமுன், கரித்துண்டுகளைக் குப்பையென எறிந்தோர் பலர். அவர்கள் அறிவிலிகளல்லர், நாளைய வினாவை அறியாதவர்கள். நாமும் அத்தகையோரே.

அழிவது எவருடைய வரலாறு என்பதையும் எண்ண வேண்டும். மன்னர் புகழைக் கல்வெட்டும் ஏடும் காத்தன. தூணுக்குக் குழி தோண்டியவனுக்கும், பானை வனைந்தவளுக்கும் மண்ணைத் தவிர வேறு சாசனமில்லை. அம்மண்ணைப் பறிப்பது, உழைத்தோரை இரண்டாம் முறை பேச்சற்றவராக்குவதாகும்.

இலங்கையில், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கு 1998இல் செய்யப்பட்ட திருத்தம், அபிவிருத்தித் திட்டங்களுக்குமுன் தொல்பொருள் மதிப்பீட்டை வேண்டி நிற்கின்றது. இது நன்று. எனினும், வரைபடத்திலுள்ள கோடு அசையக்கூடியதாயிருக்கையில் நிகழும் ஆய்வே ஆலோசனையாகும். ஒப்பந்தம் கையெழுத்தானபின் நிகழ்வது மரண விசாரணை. ஆகவே, நிலமளப்போர் நம்மூருக்கு வரும்போது, ஆசிரியரும் மாணவரும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “இந்தக் கோடு இன்னும் அசையுமா?”