கதவு கேட்கும் கணக்கு

அழகர்கோவிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் பழைய கோட்டை மதில், அதற்குள்ளே கள்ளழகர். ராஜகோபுர வாசல் மட்டும் மூடியே கிடக்கும். நாமெல்லாம் வேறு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மூடிய கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பசாமி! சிலை கிலையெல்லாம் கிடையாது. சந்தனம், மாலை, கற்பூரம் எல்லாமே கதவுக்குத்தான்.

அழகரின் சக்தியையும் பொன்னையும் கொண்டுபோக மலையாள தேசத்திலிருந்து 18 மந்திரவாதிகள் வந்தார்களாம், கூடவே துணைக்கு ஒரு தெய்வம். பதினெட்டு பேரும் அகப்பட்டு, படிக்கு ஒருவராகப் புதைக்கப்பட்டார்கள். கூட வந்த தெய்வமோ அழகரின் அழகில் சொக்கி இங்கேயே நின்றுவிட்டது. அதாவது, திருட வந்த கோஷ்டியோடு வந்தவரையே வாசலுக்குக் காவல் வைத்துவிட்டார்கள். களவின் நெளிவுசுளிவு தெரிந்தவர்தானே கணக்குப் பார்க்க லாயக்கு? பி.காம். படித்தவனுக்கு இது புரியாமல் போகுமா!

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, நகைப் பட்டியலை இந்த வாசலில் நின்று வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் மறுபடி வாசித்துச் சரிபார்ப்பார்கள். சாமியே ஆனாலும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் உண்டு.

கடன் தகராறு, பங்காளிச் சண்டை, களவு என்று எதுவானாலும் இந்தக் கதவு முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவனுக்குக்கூட இங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

'பயந்து சொல்ற உண்மை ஒரு உண்மையா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மானிய தத்துவ ஞானி கான்ட் உங்கள் கட்சிதான். 1785-ல் வந்த அவருடைய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். குழந்தை வந்தாலும் ஏமாற்றாமல் அதே விலைக்குக் கொடுக்கிறார். ஆனால், வியாபாரம் கெட்டுவிடுமே என்பதற்காக அப்படிச் செய்தால், அதில் அறம் என்று பாராட்ட ஒன்றுமில்லை என்கிறார் கான்ட். இருக்கட்டும். அந்தக் குழந்தை சரியான விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? கான்ட்டுக்குக் கடைக்காரரின் மனசு முக்கியம். எனக்கு இந்தப் பக்கம் நிற்கிற குழந்தைதான் முக்கியம்.

ஏனென்றால், எனக்கு அச்சங்குளம் ஞாபகம் வருகிறது. விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் பக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே குத்தகைக்கு எடுத்துப் பலர் தொழில் நடத்தியது பிறகுதான் வெளியே வந்தது.

பட்டாசு ஆலைக்கும் பட்டியல் உண்டு. ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று உரிமத்தில் வரம்பு இருக்கிறது. கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். ஆனால், கையெழுத்து என்பது நாலு சுவருக்குள் முடிகிற சமாசாரம். போட்டவருக்கு வியர்க்காது. கருப்பசாமி வாசலில் அப்படி இல்லை. வாய் திறந்து, உரக்க, ஊர் ஜனம் கேட்க வாசித்தாக வேண்டும். பயம் கருப்பனிடமா, கூட நிற்கிற ஜனத்திடமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எனக்கென்னவோ பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றுகிறது.

காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்கு வருகிற பெண்களை ஆலை கேட்டில் அஞ்சு நிமிஷம் நிறுத்தி, 'இந்த அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, பொறுப்பு இன்னார்' என்று முதலாளியே உரக்க வாசிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும். 'இன்னார்' என்ற இடத்தில், குத்தகைக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது, அவர் யார் பெயரை வாசிப்பார்?