ஆக்கியோன் பொறுப்பு

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், தரியா தௌலத் மாளிகைச் சுவரில், 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போர் சித்திரமாக விரிந்து கிடக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே நிகழ்ந்த அப்போரில் ஆங்கிலக் கும்பினிப் படையைக் கலங்கடித்த கருவிகளுள் ஒன்று, மூங்கில் கழியோடு தோல்வாரால் பிணித்த இரும்புக் குழலாகிய ராக்கெட். அட்டைக் குழலைக் கிழித்துவிடக்கூடிய அழுத்தத்தை இரும்பு தாங்கிற்று என்பதே அதன் சூட்சுமம். தன் நாட்டைக் காக்க மைசூர் கண்ட அந்தச் சூட்சுமம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபின் கடல் கடந்து, இங்கிலாந்தின் உல்விச் ஆயுதச்சாலையில் வில்லியம் காங்கிரீவின் கையில் உருமாறி, 1807இல், மைசூரோடு யாதொரு பகையும் இல்லாத கோபன்ஹேகன் நகரத்துப் பிரஜைகளின் வீடுகள்மீது நெருப்பாகப் பொழிந்தது.

அந்தப் பாவத்தில் மைசூர்க் கொல்லர்களுக்குப் பங்குண்டா? இல்லை என்றே சொல்ல வேண்டும்; தம் கைவேலை எங்கு போய்ச் சேரும் என்பதை அவர்கள் அறிய வழியில்லை. இன்றைய விஞ்ஞானிக்கோ அந்த மன்னிப்பு இல்லை. அவர் முன்கூட்டியே அறிவார்.

அதே மைசூரின் புறத்தே, ரட்டெஹள்ளியில், யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழற்பொறிகள் இயங்குகின்றன. இயற்கையில் நூற்றுக்கு 0.7 பங்காக உள்ள யுரேனியம்-235, பெரும்பாலான மின் உலைகளுக்கு 3 முதல் 5 பங்கும், அணுகுண்டுக்குச் சுமார் 90 பங்கும் வேண்டும். நான்கு பங்கை எட்டும்போதே உழைப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. எனவே அன்னமும் ஆயுதமும் ஒரே பொறியில் பிறக்கின்றன. எனினும் ஆலை பெரிது. அதைச் சுற்றி வேலியிடலாம், காவல் வைக்கலாம், மனமிருந்தால் சர்வதேசச் சோதகரையும் அனுமதிக்கலாம். தன் இரசாயன ஆயுதங்களை அறிவித்து, சோதகர் முன்னிலையில் 2009க்குள் இந்தியா அழித்தது அதற்குச் சான்று.

ஜீவசாஸ்திரத்துக்கு அத்தகைய வேலி போதாது. 2002இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், தபாலில் தருவித்த டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்தே போலியோக் கிருமியை உண்டாக்கிக் காட்டினர். அந்த வித்தையை மறைத்தால் தடுப்பூசியும் மறையும்; ஆகவே அறிவைப் பூட்டிவைப்பது தர்மமன்று. துண்டுகளை விற்பவர், கேட்பவர் யார், எதற்கு என்று வினவாமல் கொடுப்பதே அதர்மம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதத் தடைச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். விற்பனை மேசையில் கேட்கவேண்டிய கேள்வியை அதனால் கேட்க முடியாது. மைசூரில் உயிரியல் போதிக்கும் ஆசிரியர்கள், சோதனைக்குழாயை மாணவன் கையில் தரும் முதல் நாளிலேயே, கேட்டறிந்து கொடுக்கும் அக்கடமையையும் கற்பிக்கத் தொடங்க வேண்டும்.